வட்டத்துக்குள் நின்ற அரசனும் மிளகுப் பேரேடும்

இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்குக் காயலால் வந்தது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கும் உப்பளங்களுக்கும் நடுவில் இருக்கும் பழையகாயலைச் சொல்கிறேன். கடல் விலகிப் போய்விட்ட ஊர். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அது பாண்டியர்களின் பெருந்துறை. ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும் என்று மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். ‘காயில்’ என்று ஊரின் பெயரையும் சொல்லியிருக்கிறார். அதை அவர் சொன்ன இடம் ஜெனோவா. அப்போது அவர் போர்க்கைதி.

1298-ஆம் ஆண்டு. வெனிஸும் ஜெனோவாவும் ஒன்றையொன்று ஒழித்துக்கட்டத் துடித்த காலம். பிடிபட்ட வெனிஸ்காரர்களில் ஒருவர் மார்க்கோ போலோ. அதே சிறையில் பீசா நகரத்து ருஸ்திகெல்லோ இருந்தார். வீரக்கதைகள் எழுதிப் பழகிய கை. 1284-இல் மெலோரியா கடற்போரில் பீசாவை ஜெனோவா முறியடித்தபோது சிக்கியவராக இருக்கவேண்டும் என்கிறார்கள். ஒருவர் சொன்னார், மற்றவர் எழுதினார். எழுதுகிறவர் ஒருவர் அந்தச் சிறையில் இல்லாமல் போயிருந்தால் காயலின் பெயர் அந்தச் சுவர்களைத் தாண்டியிருக்காது.

நான் தூத்துக்குடியில் வளர்ந்தவள். அப்பா பழைய துறைமுகத்தில் ஒரு தோணி முதலாளியிடம் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப்பிள்ளையாக இருந்தார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தோணிகளில் ஏறும் மூட்டைகளை எண்ணி எழுதுவது வேலை. கடலில் ஒருமுறைகூட அவர் தோணி ஏறிப் போனதில்லை. மாலையில் வீட்டுக்கு வரும்போது வலது கை நடுவிரலின் பக்கவாட்டில் மை அப்பியிருக்கும். அம்மா எலுமிச்சைத் தோலைக் கொடுப்பார், அவர் தேய்த்துக்கொண்டே அன்றைக்கு எந்தத் தோணி வந்தது, எது வரவில்லை என்று சொல்வார். அதனால் கடல் பயணம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் என் மனம் கரையில் பேனாவோடு நிற்கும் ஆளைத்தான் தேடும். அந்த மனத்தோடுதான் ஓர் அக்டோபர் மாதத்தில் மிலானிலிருந்து ரயில் ஏறினேன்.

பாவியா தாண்டும் வரை இரு பக்கமும் சமவெளி, நெல் வயல்கள். பிறகு மலை குறுக்கே வந்துவிடுகிறது. குகைக்குப் பின் குகையாக ரயில் நுழைந்து வெளிவருகிறது. கடைசிக் குகையை விட்டு வெளியே வந்ததும் ஊர் வந்துவிடுகிறது. மலைக்கும் கடலுக்கும் இடையே இடமே இல்லை. ஜெனோவாவைப் புரிந்துகொள்ள அந்த ஒரு காட்சி போதும். பின்னால் உழுவதற்கு நிலம் கிடையாது, முன்னால் தண்ணீர். கடலை நம்பினால்தான் கஞ்சி.

நிலையத்துக்கு வெளியே வந்தால் முதலில் நிற்பவர் கொலம்பஸ், சலவைக் கல்லில். இந்த ஊரில் பிறந்தவர் என்பதால் விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். அவரைச் சுற்றிக்கொண்டு பழைய ஊருக்குள் இறங்கினேன்.

பழைய ஊர் முழுவதும் சந்துகள். உள்ளூரார் ‘கருஜ்ஜி’ என்கிறார்கள். ஆறேழு மாடி வீடுகள் இரு பக்கமும் நெருக்கி நிற்க, கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம் என்கிற அளவுக்குச் சில இடங்கள் ஒடுங்கிப் போகின்றன. நண்பகலிலும் தரையில் வெயில் விழாது. மேலே பார்த்தால் கொடியில் துணிகள், அவற்றுக்கும் மேலே ஒரு சாண் அகலத்துக்கு வானம். முனைக்கு முனை சுவரில் மாடம் வைத்து மாதா சொரூபம். வழி தவறாமல் இருக்க நான் அந்த மாதாக்களைத்தான் அடையாளம் வைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் அதையும் விட்டுவிட்டேன். தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் துறைமுகம் வந்துவிடும்.

அன்று காற்றே இல்லை. வானம் மூடியிருந்தது, மழை வரவில்லை, சட்டை முதுகில் ஒட்டியது. நான் தங்கிய வீட்டின் அம்மையார் கதவைத் திறந்ததும் சொன்ன முதல் சொல் ‘மக்காயா’. தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து மலையில் முட்டி, மேகம் ஊர்மேல் உட்கார்ந்துகொள்ளும் நாளுக்கு இங்கே தனிப் பெயர் அது. கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்திருக்கும் கரையிலிருந்து வந்த எனக்கு அந்தச் சொல் கேட்டதும் ஊர் பழகிவிட்டது.

சந்துகள் கடலை நோக்கி முடியும் இடத்தில் சோத்தோரிப்பா என்ற நீண்ட வளைவு மண்டபம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. அந்தக் காலத்தில் கடல் அதன் காலடி வரை வருமாம். இன்று அதன் கீழே பொரித்த நெத்திலியைக் காகிதத்தில் சுருட்டிக் கொடுக்கிறார்கள். மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சான் ஜார்ஜோ மாளிகை. நான் தேடி வந்தது இந்தக் கட்டடத்தைத்தான்.

கடலைப் பார்த்த முகப்பு முழுக்க வண்ண ஓவியம்; நடுவில் புனித ஜார்ஜ் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தைக் குத்துகிறார். இது பின்னால் வந்த பகுதி. பின்புறம் போய்ப் பார்த்தால்தான் 1260-இல் கட்டிய பழைய உடம்பு தெரியும். கல்லும் செங்கல்லுமாக, எந்த ஒப்பனையும் இல்லாமல் இருக்கிறது. கான்ஸ்டான்டினோபிளில் வெனிஸ்காரர்களின் கட்டடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்த கற்களும் அதில் உண்டு. கல் சிங்கத் தலைகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். எதிரியின் வீட்டுக் கல்லை வாசலில் வைத்துக் கட்டும் அளவுக்குப் பகை. அப்படிப்பட்ட வீட்டில்தான் வெனிஸ்காரரான மார்க்கோ போலோ அடைபட்டிருந்தார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

நான் அந்தப் பின்சுவரை ஒட்டிய திண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கே உட்கார்ந்து ஒரு மனிதர் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இலங்கைக்கும் நம் கரைக்கும் இடையிலுள்ள ஆழமில்லாத கடலில் ஏப்ரல் முதல் மே பாதி வரை குளிப்பு நடப்பதையும், எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போவதையும் சொல்லியிருக்கிறார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரக்காரர்களை நம் கரையில் ‘கடல்கட்டி’ என்பார்கள். பின்னாளில் வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகளிலும் அந்தத் தமிழ்ச் சொல் வருகிறது. குதிரைகளைப் பற்றியும் சொல்கிறார்: பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை செத்துப் போகின்றன, மறு ஆண்டு திரும்பவும் வாங்குகிறார்கள். எத்தனை பொன் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிப் போயிருக்கும்!

ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது வேறொரு பகுதி. கடன்காரன் வட்டம். கடன் வாங்கியவன் தவணை சொல்லிச் சொல்லி ஏமாற்றினால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவான். கடனைத் தீர்க்காமலோ ஈடு கொடுக்காமலோ அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மரண தண்டனை. இதை மார்க்கோ போலோ தம் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்கிறார். அங்கே வட்டத்துக்குள் நின்றவன் அரசன். வெளிநாட்டு வணிகர் ஒருவருக்குப் பணம் தரவேண்டியிருந்த அரசன் நாளைக் கடத்திக்கொண்டே இருக்க, அவன் குதிரையில் வந்தபோது வணிகர் குதிரையையும் சேர்த்துச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார். அரசன் குதிரையை நிறுத்தினான். பணம் கொடுத்துத் தீரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சட்டத்தை அரசனே மதித்தான் என்று பார்த்தவர்கள் வியந்தார்களாம்.

இந்தக் கதையைச் சிறையில் சொன்னபோது வேறு ஜெனோவாக்காரர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தாரா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நூறு ஆண்டு கழித்து அந்த ஊரே வட்டத்துக்குள் நின்றது.

ஜெனோவா போர்களுக்காகக் கடன் வாங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரியை எழுதிக் கொடுத்தது. உப்பின் மேல் விதிக்கும் வரியை இவர்கள் வசூலித்துக்கொள்ளலாம், துறைமுகத் தீர்வையை அவர்கள் வசூலித்துக்கொள்ளலாம் என்று. 1407-இல் கடன் கொடுத்தவர்கள் எல்லோரையும் ஒரே அமைப்பாக ஒன்று சேர்த்தார்கள். அதுதான் சான் ஜார்ஜோ வங்கி. பின்னாளில் அது குடியேறி, நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது இதே மாளிகையில்தான். கடனின் ஒவ்வொரு கூறுக்கும் ‘லூகோ’ என்று பெயர். அதை விற்கலாம், வாங்கலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம், கோயிலுக்கு எழுதி வைக்கலாம். மெல்ல மெல்ல வரிகள் எல்லாம் வங்கியின் கைக்குப் போயின. 1453-இல் கோர்சிகா தீவின் நிர்வாகமே வங்கியிடம் போனது. கருங்கடல் கரையில் இருந்த கஃபா நகரமும் போனது. ஓர் ஊருக்குள் இரண்டு அரசுகள். அதில் ஒழுங்காக நடப்பது வங்கியின் அரசுதான் என்று பிளாரன்ஸ்காரர் மாக்கியவெல்லி எழுதினார். நெப்போலியன் காலத்தில் 1805-இல் மூடும் வரை அந்த வங்கி நடந்தது.

உள்ளே மேல்மாடிக் கூடத்தில் வங்கிக்கும் ஊருக்கும் பணம் கொடுத்தவர்களின் சிலைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். சிலைகளிலும் கணக்கு உண்டு. மிக அதிகம் கொடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்தபடியாகக் கொடுத்தவர் நின்றுகொண்டிருக்கிறார். அதற்கும் குறைவென்றால் மார்பளவு, அதற்கும் குறைவென்றால் பெயர் பொறித்த பலகை. உட்கார்ந்திருப்பவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அங்கே வாளைவிடத் தாளுக்கும் பணத்துக்கும்தான் மரியாதை அதிகம்.

கொலம்பஸும் இந்த வங்கிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1502 ஏப்ரலில், தம் நான்காவது பயணத்துக்குக் கிளம்புமுன் ஸ்பெயினிலிருந்து எழுதியது. உடல் இங்கே இருந்தாலும் மனம் எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்று தொடங்கி, தம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊருக்குக் கொடுக்கும்படி மகனிடம் சொல்லியிருப்பதாகவும், அதைக்கொண்டு தானியத்தின் மேலும் மதுவின் மேலும் உள்ள வரியைக் குறைக்கவேண்டும் என்றும் கேட்கிறார். அவருடைய கப்பல்கள் போய் இறங்கிய தீவுகளின் மக்களுக்கு நேர்ந்தவற்றைப் படித்தவர்களால் அவரை மனதாரக் கொண்டாட முடியாது, எனக்கும் முடியவில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தில் ஒரு நெசவாளரின் மகன் தெரிகிறார். அரிசி விலை குறையவேண்டும் என்று கேட்பது போலத்தான் அது.

போர்த்தா சொப்ரானா என்ற பழைய கோட்டை வாயிலுக்குப் பக்கத்தில் அவர் வீடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். 1684-இல் பிரெஞ்சுக் கப்பல்களின் குண்டுவீச்சில் அழிந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் மறுபடி கட்டியது. அந்த வீட்டைவிட அந்த வாயில் எனக்குப் பிடித்தது. 1290-இல் பீசா துறைமுகத்தின் வாயை அடைத்திருந்த இரும்புச் சங்கிலியை ஜெனோவாக்காரர்கள் அறுத்துக் கொண்டுவந்து, துண்டு துண்டாக ஊர் முழுக்கத் தொங்கவிட்டார்கள். இந்த வாயிலிலும் தொங்கியது. பகை மறந்து 1860-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ருஸ்திகெல்லோ போன்ற பீசா கைதிகளின் காதில், ஊரின் சங்கிலியே சந்தியில் தொங்குகிறது என்ற செய்தி எப்படி விழுந்திருக்கும்!

மெலோரியாவின் நினைவு சாப்பாட்டிலும் இருக்கிறது. பாரினாத்தா என்று ஒரு பண்டம். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, சில மணி நேரம் அப்படியே வைத்து, மேலே நிற்கும் நுரையை எடுத்துவிட்டு, ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்து, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அகலத்துக்கு இருக்கும் ஈயம் பூசிய செப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். மேலே பொன்னிறமாக முறுகி, உள்ளே களி போலக் குழைந்து வருகிறது. போர் முடிந்து கைதிகளோடு திரும்பிய கப்பல் புயலில் சிக்கி, எண்ணெய்ப் பீப்பாயும் கடலை மாவு மூட்டையும் உடைந்து கடல் நீரில் கலந்து கிடக்க, அதை வெயிலில் காயவைத்துத் தின்றதில் பிறந்தது என்று கதை சொல்கிறார்கள். ‘பீசாவின் பொன்’ என்று தோற்றவர்களைக் கேலி செய்து பெயரும் வைத்தார்களாம். கதையோ நடந்ததோ, மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக் கையில் கொடுத்த அந்தத் துண்டை நின்றபடியே தின்றேன். அடை சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

அந்த மிளகுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் ஏற்றும் இரட்டைப் பதிவு முறையில் எழுதி இன்றும் அழியாமல் இருக்கும் மிகப் பழைய பேரேடுகளில் ஒன்று ஜெனோவா நகர அரசின் 1340-ஆம் ஆண்டுக் கணக்கு. ஊர்ப் பணத்தில் மோசடி நடப்பதைத் தடுக்க, வங்கிக்காரர்கள் எழுதும் முறையிலேயே அரசுக் கணக்கும் இருக்கவேண்டும் என்று 1327-இல் விதி செய்திருந்தார்கள். அந்தப் பேரேட்டின் ஒரு பக்கத்தை நான் படத்தில்தான் பார்த்தேன். ஒரே தாளை நடுவில் பிரித்து இடது பாதி பற்று, வலது பாதி வரவு. எண்கள் எல்லாம் ரோமன் எழுத்தில். அதில் மிளகுக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. லத்தீனில் ‘பிப்பெர்’. நம் திப்பிலியை வடமொழியில் பிப்பலி என்பார்கள். அந்தச் சொல் கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போய் மிளகுக்குப் பெயராகிவிட்டது. நகர அரசு 80 பொதி மிளகு வாங்குகிறது, பொதிக்கு நூறு ராத்தல். கொஞ்ச நாளில் விற்கிறது. நட்டம்.

அரசு எதற்கு மிளகு வியாபாரம் செய்யவேண்டும், அதிலும் நட்டத்துக்கு? கடனுக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்பது அவசரப் பணம் புரட்டும் ஒரு வழி என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால் அந்த நட்டம்தான் வட்டி; வட்டி என்ற சொல்லை எழுதாமலேயே வட்டியை எழுதியிருக்கிறார்கள். சேர நாட்டு மலைச்சரிவில் யாரோ ஒரு பெண் கொடியிலிருந்து பறித்து, பாயில் காயவைத்த மிளகு, கடல்கள் தாண்டிக் கைமாறிக் கைமாறி வந்து, ஜெனோவா அரசின் கடன் கணக்கில் ஒரு பதிவாக உட்கார்ந்திருக்கிறது. கூடத்துச் சிலைகளைவிட அந்த ஒரு பக்கம்தான் என்னை அசைத்துவிட்டது.

இந்த ஊரில் எங்கே தொட்டாலும் எழுத்து. உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பத்திர எழுத்தர் பதிவேடு ஜெனோவாவினுடையது, 1154-இல் தொடங்குகிறது. எழுதியவர் பெயர் ஜொவான்னி. ‘ஸ்கிரிபா’, அதாவது எழுத்தர் என்று தொழிலே பெயராக ஒட்டிக்கொண்டது. ஒருவர் பணம் போட, மற்றவர் கடலில் போக, திரும்பி வந்ததும் லாபத்தில் முக்கால் பங்கு முதல் போட்டவருக்கு, கால் பங்கு போய் வந்தவருக்கு என்ற ஒப்பந்தங்கள் அதில் பக்கம் பக்கமாக வருகின்றன. பெரிய குடும்பங்கள் மட்டும் அல்லாமல் சிறு தொகை வைத்திருந்த பெண்களும் கைத்தொழிலாளிகளும்கூட இப்படிக் கப்பலில் பணம் போட்டார்கள். கடல் காப்பீட்டுக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஒப்பந்தங்களில் ஒன்றும் இங்கே 1347 அக்டோபரில் எழுதியதுதான். மயோர்க்கா தீவுக்குப் போகும் ‘சாந்தா கிளாரா’ என்ற கப்பலுக்கு. வட்டியைத் திருச்சபை தடுத்திருந்ததால் அதையும் காப்பீடு கொடுப்பவர் வாங்கிய கடன் போல எழுதியிருக்கிறார்கள்: கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் இந்தக் கடன் செல்லாது. எத்தனை புத்திசாலித்தனமான வரி!

மாலுமிகளைப் பற்றியும் ஓர் எழுத்துக் கதை உண்டு. இரண்டு வகை ஒப்பந்தம் இருந்ததாம். ஒன்றில் சம்பளம் அதிகம், ஆனால் குறை சொல்லக்கூடாது. மற்றதில் சம்பளம் குறைவு, ஆனால் வாய்விட்டு முணுமுணுக்க உரிமை உண்டு. ஜெனோவாக்காரர்கள் எல்லோரும் இரண்டாவதில்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்று என் வீட்டு அம்மையார் பெருமையாகச் சொன்னார். முணுமுணுப்புக்கு அவர்கள் சொல் ‘முகூன்யோ’.

எழுத்தர்களை இவ்வளவு சொல்லிவிட்டுச் சுமந்தவர்களை விட்டால் அப்பா என்னை மன்னிக்கமாட்டார். “மூட்டை நகர்ந்தால்தான் பேனா நகரும்” என்பவர் அவர். ஜெனோவாவின் சுமைத் தொழிலாளிகளைக் ‘கமல்லி’ என்கிறார்கள். சுமப்பவன் என்று பொருள்படும் ‘ஹம்மால்’ என்ற அரபுச் சொல்தான் இங்கே அப்படி உருண்டிருக்கிறது. மும்பைச் சந்தைகளில் ஹமால் என்பதும் அதுவே. துறைமுகச் சுங்கச் சுமையாட்களின் சங்கம் தன் விதிகளை எழுதிக்கொண்ட ஆண்டு 1340. மிளகுப் பேரேட்டின் அதே ஆண்டு. நோயுற்ற உறுப்பினருக்கு உதவ ஒரு பொதுப் பெட்டியும் வைத்திருந்தார்கள்.

பழைய துறைமுகம் இன்று உலாவும் இடமாகிவிட்டது. இரும்பு வேலிக்கும் சுங்கச் சுவருக்கும் பின்னால் மறைந்து கிடந்த கடலோரத்தை, கொலம்பஸ் பயணத்தின் 500-ஆம் ஆண்டான 1992-இல் ரென்சோ பியானோ திருத்தி அமைத்தார். இதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர். மீன் காட்சியகத்தின் முன்னால் பள்ளிப் பிள்ளைகளின் வரிசை. நான் உள்ளே போகவில்லை. உயரத்தில் போகும் ஒரு வாகனப் பாலம் மாளிகைக்கும் கடலுக்கும் நடுவே 1965-இலிருந்து நிற்கிறது; அது மட்டும் இல்லாதிருந்தால் புனித ஜார்ஜ் கடலை நேராகப் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

பேராலயத்துக்குள் ஒரு குண்டு இருக்கிறது. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை ஊரைக் கடலிலிருந்து சுட்டபோது சுவரைத் துளைத்து உள்ளே வந்து விழுந்தது. வெடிக்கவில்லை. இன்று வலப்பக்கச் சுவரோரம், கீழே நன்றிக் கல்வெட்டோடு நிற்கிறது. ஒரு தாத்தா பேரனைத் தூக்கி அதன் முனையைத் தொட்டுக் காட்டினார். பையன் கையை வேகமாக இழுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அம்மையார் தம் சமையலறைக்குக் கூப்பிட்டார். பெஸ்தோ என்ற பச்சிலைத் துவையலைச் செய்து காட்டுகிறேன் என்றார். மேசைமேல் வெள்ளைச் சலவைக்கல் உரல். விளிம்பில் நான்கு பக்கமும் காது போல நான்கு புடைப்பு. மர உலக்கை கைப்பிடிக்குள் அடங்கும் அளவு. பக்கத்தில் திருநீற்றுப் பச்சிலை ஒரு கொத்து. இலைகள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை, அவ்வளவுதான். ஊரின் மேற்குக் கோடியில் ப்ரா என்ற பகுதி இருக்கிறது. கீழே கடலில் கன்டெய்னர் கப்பல்களின் முனையம், மேலே மலைப்படிக்கட்டுகளில் கண்ணாடிக் கொட்டகைகளுக்குள் இந்தப் பச்சிலை. இளசாகவே, வேரோடு பிடுங்கிக் கட்டுவார்களாம். முதலில் பூண்டு, கல் உப்பு. பிறகு பைன் பருப்பு. பிறகு இலை.

நான் உலக்கையை எடுத்து இடிக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இடித்தால் இலை கறுத்துவிடும், கசக்கும். இலையை உரலின் பக்கச் சுவரில் வைத்துத் தேய்க்கவேண்டும். வலது கை உலக்கையை ஒரு திசையில் சுற்ற, இடது கை அந்தக் காதைப் பிடித்து உரலை எதிர்த் திசையில் திருப்பவேண்டும். நம் ஆட்டுக்கல்லில் குழவி மட்டும்தான் சுற்றும், கல் அசையாது. இங்கே இரண்டும் சுற்றுகின்றன. கை பழக எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. உப்பின் கூர்மைதான் இலையை அறுக்கிறது என்பது அப்போதுதான் விரலுக்குத் தெரிந்தது. இரண்டு வகைப் பாலாடைக் கட்டியைத் துருவிப் போட்டு, எண்ணெயை நூலாக விட்டார். உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த, முறுக்கிய சிறு மாவுத் துண்டுகளில் அதைக் கலந்தார். அடுப்பில் காட்டவே இல்லை. தட்டைத் துடைத்துத் தின்றேன். இரவு தூங்கும்போதும் விரலில் அந்த வாசம் இருந்தது.

கிளம்பும் நாளுக்கு முந்திய மாலையில் ப்ரே தெரு வழியாக நடந்தேன். அதன் முனையில் 1180-இல் கட்டத் தொடங்கிய கல் விடுதி ஒன்று நிற்கிறது. புனித பூமிக்குக் கப்பலேறக் காத்திருந்த யாத்திரிகர்களுக்காகப் புனித யோவான் சபையினர் கட்டியது. இப்போது அதற்குள் இத்தாலியர்களின் புலம்பெயர்வைச் சொல்லும் தேசிய அருங்காட்சியகம். புவனோஸ் ஐரிஸுக்கும் நியூயார்க்குக்கும் இந்தத் துறையிலிருந்து போனவர்கள் கணக்கற்றவர்கள். புவனோஸ் ஐரிஸின் துறைமுகப் பேட்டையில் ஒரு புகழ்பெற்ற கால்பந்து அணியை இன்றும் ‘ஜெனோவாக்காரர்கள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெளியே தெருவில் இன்று வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். செனகல் தையல்காரர், எக்வடோர் ரொட்டிக்கடை, வங்கதேசத்து மளிகைக் கடை. எண்ணூறு ஆண்டுகளாக யாராவது ஒருவர் மூட்டையோடு நின்றுகொண்டே இருக்கும் தெரு அது.

மளிகைக் கடையில் நூறு கிராம் மிளகு வாங்கினேன். கடைக்காரர் தராசில் போட்டு, இரண்டு மணி கூடுதலாக இருந்ததை எடுக்காமல் அப்படியே பொட்டலம் கட்டினார். சாக்கின் பக்கத்தில் கேரளம் என்று அச்சிட்டிருந்தது.

பொட்டலத்தோடு மின்தூக்கியில் ஏறி காஸ்தெல்லெத்தோ மேட்டுக்குப் போனேன். கீழே கற்பலகைக் கூரைகள், கூரைகளுக்கு அப்பால் பாரந்தூக்கிகள், அவற்றுக்கும் அப்பால் லாந்தெர்னா. 77 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம், 1543-இலிருந்து இன்றைய வடிவில் நிற்கிறது. விளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு எண்பத்தொரு வயது. அங்கே இரவாகிவிட்டது, ஆனாலும் விழித்திருந்தார். அரசன் வட்டத்துக்குள் நின்றதைச் சொன்னேன், சிரித்தார். 1340-ஆம் ஆண்டு மிளகுக் கணக்கைச் சொன்னேன். 80 பொதி, நட்டம் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை.

“நட்டத்தை எந்தப் பக்கம் ஏற்றியிருக்கிறார்கள் அம்மா?”

“வலது பக்கம், விற்ற வரவுகளுக்குக் கீழே கடைசி வரியாக. நட்டக் கணக்குக்குக் கொண்டுபோனதாக எழுதி, இரண்டு பக்கமும் கூட்டல் சமமாக்கியிருக்கிறார்கள் அப்பா.”

“அந்த நட்டக் கணக்கு எத்தனையாவது ஏடு என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறானா?”

“குறித்திருக்கிறார்.”

“அப்படியானால் அவன் நல்ல கணக்குப்பிள்ளை” என்றார் அப்பா. பிறகு, மிளகு என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்டார்.